வலப்பக்கக் கதவு

சாப்பாட்டுத் தூக்கைப் பிக்கப் ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டு, என் கணவர் புதுக் கதவை உள்ளிருந்து தட்டிக் காட்டினார்.

“ஒன் சட்டி மூடி மாதிரியே சத்தம் போடுது, கேட்டியா?”

சிரித்தேன். பிக்கப் கிளம்பியது.

உப்பளத்துக்கு ஓடும் வண்டி. பழைய இரும்புக் கதவை உப்பு தின்றுவிட்டது. கம்பெனிக் கதவே வாங்கிப் போடச் சொல்லி அவர் இரண்டு மாதம் கேட்டார். முதலாளி பொன்னுத்துரை, பட்டறையில் அலுமினியத் தகட்டை வெட்டி மாட்டிவிட்டார்.

“அமெரிக்காக்காரனே பிக்கப்ப அலுமினியத்துலதான் செய்யுதான். ஒமக்கு என்னவே?” என்றாராம்.

பதினோரு மணிக்கு, கிளைச் சாலையிலிருந்து நிற்காமல் வந்த டிப்பர் அந்தக் கதவில்தான் மோதியது.

கதவு அவர் மேலேயே மடங்கியது.

அவர் போன நான்காம் நாள் காவல் நிலையத்துக்குப் போனேன். வளாகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

பிரேக் சரி. ஸ்டியரிங் சரி. டயர் சரி.

வண்டியில் எல்லாம் சரி என்றால், பழி போட மிச்சம் இருப்பது என் கணவர்தான். டிரைவர் கவனக்குறைவு என்று பொன்னுத்துரை ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை.

நான் தையல்காரி. சிந்திய ஊசிகளை எடுக்கும் காந்தம் பையில் இருந்தது. இடக்கதவில் வைத்தேன். பிடித்துக்கொண்டது. வலக்கதவில் வைத்தேன். மண்ணில் விழுந்தது.

மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது.

தகடு கிழிந்த இடத்தில் கையை விட்டேன். உள்ளே ஒன்றுமில்லை.

“இடிச்சா தாங்குத குறுக்குக் கம்பிகூட இல்ல சார். அமெரிக்காக்காரன் கம்பி வைக்காமலா செய்யுதான்? எழுதுங்க.”

பக்கத்தில் நின்ற பொன்னுத்துரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் படிவத்தை என் பக்கம் திருப்பினார். நல்ல மனிதர்தான்.

“கதவுக்கு இதுல எடமே இல்லம்மா.”

தாளின் ஓரம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. அதில் விரலை வைத்தேன்.

“இங்க இருக்கு சார்.”

அவர் பேனாவை மூடினார்.

மூன்று மாதம் கழித்து, அதே பிக்கப் எங்கள் தெரு முனையில் நின்றது. புது டிரைவர் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும்.

“கதவு மாத்தியாச்சா தம்பி?”

“ஆமக்கா. அலுமினியம். துருவே பிடிக்காதாம்.”

“உள்ள கம்பி இருக்கா?”

துடைப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

“எதுக்குக்கா?”