மாற்று ஆளின் நாற்காலி

மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, புள்ளி குறிக்கும் மேசைக்குப் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

கூடைப்பந்தில் மாற்று ஆளுக்கான நாற்காலி அது. அதில் உட்கார்ந்தால் உள்ளே போகத் தயார் என்று பொருள். ஆனால் நினைத்தவுடன் போய்விட முடியாது. பந்து கோட்டுக்கு வெளியே போக வேண்டும். அல்லது ஒருவன் இன்னொருவனைப் பிடித்து இழுத்து, நடுவர் விசில் ஊத வேண்டும். ஆட்டம் நின்றால்தான் ஆள் மாறலாம்.

ஆட்டம் நிற்கவில்லை.

பயிற்சியாளருக்கு அவன் நினைவு வந்தது கொஞ்சம் பிந்தித்தான். அதற்குள் எதிரணி பந்தை உள்ளே எறிந்துவிட்டது.

இன்னும் இருபது வினாடி.

இலங்கை முப்பது புள்ளிகளுக்கு மேல் பின்னால் நிற்கிறது. எதிரணிக்காரன் நடுக்கோட்டருகே நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருக்கிறான். கூடைப் பக்கம் திரும்பவும் இல்லை. தோற்றுப்போனவர்கள் தலையில் இன்னொரு கூடை போடுவது அழகில்லை. தோற்றவர்களும் அவனை நெருங்கமாட்டார்கள். நேரம் ஓடி முடியட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

இரண்டு பக்கத்து மரியாதை.

தட். தட்.

அவனிடம் இரண்டு கடவுச்சீட்டுகள். ஒன்று பிறந்த சுவிஸினுடையது. மற்றது அப்பாவின் இலங்கையினுடையது. சுவிஸ் கிளப்புகள் அவனை எடுத்ததே முதலாவதற்காகத்தான். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு அங்கே இடம் குறைவு. உயரமான உள்ளூர்க்காரன் ஒருவன் மாற்று ஆட்களின் வாங்கில் உட்கார்ந்திருந்தால் வசதி.

வருடக்கணக்காக வசதியாக இருந்தான்.

இருபத்திரண்டு வயதில் சுவிஸ் தேசிய அணிக்கும் அழைத்தார்கள். இதே போன்ற ஒரு நாற்காலி வரைக்கும் போனான். அன்றும் ஆட்டம் நிற்கவில்லை.

நாட்டுக்கு ஆடுவதன் கணக்கு எளிது. சட்டை போட்டால் போதாது. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றால் போதாது. நடக்கும் ஆட்டத்துக்குள் ஒரு வினாடி ஆடினாலும் போதும், அந்த நாட்டின் ஆட்டக்காரன். ஆடாவிட்டால் எந்த நாட்டின் ஆட்டக்காரனும் இல்லை.

இப்போது முப்பத்தாறு. முழங்காலைப் பார்த்த மருத்துவர் கைவிரித்துவிட்டார். இரண்டாவது கடவுச்சீட்டில் இலங்கை அணிக்கு வந்தும் இன்னும் இறங்கவில்லை; இதுதான் தொடரின் கடைசி ஆட்டம். அப்பா இதற்காகவே சூரிச்சிலிருந்து கொழும்புக்கு வந்து, மேலே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

பத்து வினாடி.

பந்துக்காரனுக்கு முன்னால் துவாரகன் நிற்கிறான். யாழ்ப்பாணத்துப் பொடியன். வாங்கில் இருந்து நேரம் பார்க்கிற ஆள் என்று, வந்த நாள் முதல் அவனைச் ‘சுவிஸ் மணிக்கூடு’ என்று பகிடி பண்ணுகிறவன்.

துவாரகன் திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தான்.

கை நீட்டினால் எட்டும். ஒரு பிடி. ஒரு விசில். நாற்காலியிலிருந்து ‘பிடி’ என்று தமிழில் ஒரு சொல் போதும். எதிரணிக்குப் புரியக்கூடப் புரியாது.

நாற்காலியில் இருந்தவன் வாயைத் திறந்தான்.

இந்த வயதில், தோற்ற ஆட்டத்தில், தனக்காக ஒரு பிடி. கேட்க வரவில்லை.

துவாரகனின் கை பாதி எழுந்தது. பந்துக்காரன் அவனைப் பார்த்து மெல்லச் சிரித்தான். முடிந்துவிட்டதே, விடு என்பதுபோல.

கை இறங்கியது.

ஒலிப்பான் அலறியது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். உருண்டு வந்த பந்து நாற்காலிக் காலில் முட்டி நின்றது.

அப்பா படியிறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“எப்ப இறங்கினனீ? கண்ணாடி துடைக்கக் குனிஞ்சனான். அந்த நேரம் பாத்துத் தவற விட்டிட்டன் போல.”

“கடைசியில, அப்பா.”

அப்பா கைக்குட்டையை எடுத்தார். எட்டி, மகனின் நெற்றியைத் துடைத்தார். பிறகு கழுத்தை.

கைக்குட்டை நனையவில்லை.

அப்பா ஒரு கணம் அதைப் பார்த்தார்.

மறுபடியும் நெற்றியிலிருந்து துடைக்கத் தொடங்கினார்.