எட்டு மணி அப்பா

“சார், நம்ம சீரியல்ல அந்தப் பதினஞ்சு வயசுப் பொண்ணு பிச்சு உதறுறா. ‘இந்த வீட்ல நான் வாடகைக்கு இருக்கிற மாதிரி இருக்கு’ன்னு நேத்து ஒரு வசனம் எழுதியிருந்தீங்களே, என் வீட்டுக்காரி அழுதுட்டா. எங்கேருந்து சார் பிடிக்கிறீங்க?” என்றார் இயக்குநர்.

“எல்லாம் அனுபவம்தான்” என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அதுக்கு அப்பன்காரன் பளார்னு விட்டான் பாருங்க ஒண்ணு, ரேட்டிங் எங்கேயோ போயிடுச்சு. நாளைக்கும் ரெண்டு விடட்டும்.”

தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகள் பள்ளியிலிருந்து திரும்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவள் அறைக்குள் போய், அலமாரியில் மடித்த துணிகளுக்கு அடியிலிருந்து டைரியை எடுத்தேன். எடுக்கும்போதெல்லாம் கை கூசும். ஆனால் இதை விட்டால் எனக்கு வசனம் வராது.

நேற்றைய பக்கத்தைப் பிரித்தேன்.

“அப்பா, நீங்க இதை எடுத்துப் படிக்கிறது எனக்கு நாலு மாசமாத் தெரியும். நேர்ல சொல்ல வாய் வரல. அதனால தெரிஞ்சேதான் எழுதினேன். நீங்க என்ன பதில் சொல்றீங்கன்னு பாக்க தினமும் எட்டு மணிக்கு டிவி முன்னாடி உக்காருவேன். அந்த அப்பா அடிச்சுக்கிட்டே இருக்கார். நாளைக்கு ஒரு தடவையாவது அவர, ‘என்னம்மா ஆச்சு உனக்கு’ன்னு கேக்கச் சொல்லுங்கப்பா.”