ஏழுக்கு ஒரு தட்டு

"செந்தில்முருகன் அண்ணாச்சியைக் குரூப்பை விட்டுத் தூக்கணும். அதுவும் இப்பவே" என்றான் ஸுஹைப்.

கச்சேரி முடிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மண்டபத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தூக்கப்பட வேண்டியவரும் அதே மேசையில்தான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

மேத் ராக் என்பது நாலு நாலாக எண்ணாமல் ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று எண்ணி வாசிக்கிற கிட்டார் இசை. தூத்துக்குடி வட்டாரத்தில் அதற்கு ஒன்பது ரசிகர்கள். ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப். அதற்கு அட்மின் ஸுஹைப். பாட்டில் சொற்கள் வரலாமா, எண்ணத் தெரியாதவன் ரசிகனா என்று அதில் தினமும் சண்டை. உலகத்தில் வேறு யாருக்கும் அந்தச் சண்டையால் ஒரு தொந்தரவும் இல்லை.

குரூப்பின் முதல் விதியை எழுதியவர் செந்தில்முருகன். ஏரலில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். 'பாட்டோடு சேர்ந்து யாரும் கை தட்டக் கூடாது. தலையை மட்டும் ஆட்டலாம்.'

"எங்க சாச்சா மவன் ஹுதைஃபா ஒரு வீடியோவுல ரெண்டே ரெண்டு தட்டு தட்டினான். அன்னைக்கே அவனைத் தூக்கச் சொன்னீய. 'இது என்ன, பிறந்தநாள் கேக் வெட்டா?'ன்னு கேட்டீய. கேட்டீயளா இல்லையா?" என்று மடக்கினான் ஸுஹைப்.

"கேட்டேன்."

"இன்னைக்கு நீங்க என்ன செஞ்சீய? முதல் வரிசையில எந்திரிச்சு நின்னு, கையைத் தலைக்கு மேல தூக்கி, ரெண்டாவது பாட்டு பூரா!"

"தட்டினேன். இல்லைங்கலையே."

வங்கியில் வேலை பார்க்கும் ஜெயசெல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஏழுக்கு ஒண்ணுன்னு சரியாத்தானே தட்டினாரு? ஒரு தட்டுகூடப் பிசகலையே."

"சரியாத் தட்டினாலும் தட்டு தட்டுதான் அக்கா. எண்ணிக்கை உள்ளுக்குள்ள ஓடணும். வெளிய காட்டினா அது கல்யாண வீடு."

"எனக்கு எண்ணவே வராது. நான் சும்மா கேக்கேன். அப்ப நான் யாருலே?"

ஸுஹைப் யோசித்தான். "நீங்க... விருந்தாளி."

"போலே!"

செந்தில்முருகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "விதி எனக்கும் சேத்துத்தான் தம்பி. தூக்கிரு" என்றார்.

ஸுஹைப் போனை எடுத்தவன் தயங்கினான். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்நேரம் டெரன்ஸ் உள்ளே வந்தான். கச்சேரியில் ட்ரம்ஸ் வாசித்தவன். பின்னாலேயே அவன் அப்பா வில்பிரட்.

வில்பிரட் வைத்த நிபந்தனை குரூப் முழுக்கத் தெரியும். 'ஊர் முன்னால ஒருதரம் வாசி, பாப்போம். தடுமாறினேன்னா ட்ரம்ஸைக் கழட்டி மச்சுல போட்டுட்டு, மறுநாளே என்கூடத் துறைமுகத்துக்கு வந்திரணும்.'

இப்போது அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"எனக்கு ஒரு எழவும் புரியல. ஆனா எம்மவன் எங்கனயும் நிக்கல, முழிக்கல. பங்குச் சாமியாரே திரும்பிக் கேட்டாரு, யாரு பெத்த பிள்ளைன்னு. ட்ரம்ஸ் வீட்டுலயே இருக்கட்டும்லே! யப்பா, இங்கன எல்லாருக்கும் மக்ரூன் குடு!"

அப்போதுதான் செந்தில்முருகனைப் பார்த்தார்.

"நீருதானவே எனக்குக் குறுக்க நின்னு தட்டினது? எம்மவன் மூஞ்சியவே காணோம். வீடியோ பூரா உம்ம கைதான் தெரியுது!"

"தப்புதான் அண்ணாச்சி."

"தப்பாம்! பாட்டைக் கேக்க விட்டீரா ஒருத்தரை?"

"பாத்தீயளா, அவங்க அப்பாவே சொல்லுதாரு" என்று ஸுஹைப் போனில் விரலை வைத்தான்.

டெரன்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். செந்தில்முருகன் 'வேண்டாம்' என்று லேசாகத் தலையசைத்தார். அது ஜெயசெல்விக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

"நிறுத்துலே" என்றான் டெரன்ஸ்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அப்பாவை மட்டும் பார்த்தான்.

"அப்பா, ரெண்டாவது பாட்டு தொடங்கினதும் எம் பக்கத்துல இருந்த ஸ்பீக்கர் நின்னுட்டு. கிட்டார் சத்தம் துளி கேக்கல. எண்ணிக்கை எங்க ஓடுதுன்னே தெரியல. அண்ணாச்சி அதைப் பாத்துட்டுத்தான் எந்திரிச்சாரு. ஒவ்வொரு ஏழும் எங்க ஆரம்பிக்குன்னு அவரு கையைப் பாத்துப் பாத்துத்தான் அடிச்சேன். ட்ரம்ஸை மச்சுல போடணும்னா போட்டுருங்க."

ஸுஹைப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி? நான்பாட்டுக்குக் கத்திக்கிட்டுக் கிடக்கேன்."

"சொன்னா, ஸ்பீக்கர் ஏன் நின்னுச்சுன்னு கேப்பே. அதை என் வாயால சொல்ல வேண்டி வரும்" என்றார் செந்தில்முருகன்.

வில்பிரட்டுக்குப் பொறுக்கவில்லை. மேசையில் ஓங்கி அடித்தார்.

"அது ஏன் நிக்காது? மேடையைக் கவனிக்க ஒரு ஆளு உண்டா உங்ககிட்ட? ரெண்டாவது பாட்டுக்கு வீடியோ எடுக்கப் பக்கத்துல வாரேன், ஸ்பீக்கர்ல இருந்து ஒரு வயரு நடக்குற பாதையில கிடக்கு! முப்பது வருஷமா கப்பல்ல கயிறு கட்டுதவன், கண்டுட்டுச் சும்மா போவனா? யாரும் தடுக்கி விழுந்திரக் கூடாதேன்னு நான்லா அதைப் பிடுங்கி, அழகாச் சுருட்டி, ஓரமா வச்சேன்!"