முன்வரிசையில் அப்பா

மகள் சத்யபிரியா வெள்ளைப் பட்டும் கை நிறையப் பூச்செண்டுமாகப் பேராலயத்துக்குள் போனதைக் கண்ணால் பார்த்ததாகச் சென்னியம்மாள் போனில் அடித்துச் சொன்னாள். கண் ஆஸ்பத்திரிக்காகச் சேலம் போயிருந்த ஒன்றுவிட்ட அக்கா அவள். மருந்து ஊற்றிய கண்ணுக்கு ஆள் மாறித் தெரிந்திருக்கக் கூடாதா என்று வெள்ளியங்கிரி இருக்கிற சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டார்.

மகளுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கூடவே கோட்டும் சூட்டுமாக ஒரு பையன் காரிலிருந்து இறங்கினான் என்று அக்கா கடைசியாகச் சொன்னதுதான் காதிலேயே நின்றது.

மல்லசமுத்திரத்தில் பைக்கை எடுத்தவருக்கு ஆட்டையாம்பட்டியை எப்போது தாண்டினோம் என்பதே தெரியவில்லை. ஒரே மகள். அவளை மேல்படிப்புக்குச் சேலம் அனுப்பியதே பங்காளிகளுக்குப் பிடிக்கவில்லை. இது உண்மையாக இருந்தால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது என்பதெல்லாம் அப்புறம். அவள் இனி வீட்டுப் படி ஏற மாட்டாளே என்ற நினைப்பில்தான் வண்டியை இன்னும் முறுக்கினார்.

பேராலய வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். பாரம்பரிய வார விழா, சொற்பொழிவு, பாடகர் குழுவின் இசை நிகழ்ச்சி, இந்தக் கோயிலில் நடந்த முதல் திருமணத்தைப் பற்றிய நாடகம். கடைசி வரியை மறுபடி மறுபடி படித்தார். போன உயிரில் பாதி திரும்பி வந்தது.

கதவருகே நின்ற பெண்ணை அடையாளம் தெரிந்தது. மகளோடு படிக்கும் மெஹ்ரீன், பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து கரும்பு தின்றுவிட்டுப் போனவள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"நாடகந்தானே சாமி?" என்றார் வெள்ளியங்கிரி.

மெஹ்ரீன் பேனரைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமா அங்கிள். நாடகம்தான்."

நடிக்கப் போகிறேன் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் வேண்டாம் என்றா சொல்லப் போகிறோம் என்று மகளை மனசுக்குள் செல்லமாகக் கடிந்துகொண்டார். உள்ளே புழுக்கமாக இருக்கும், இங்கேயே உட்காருங்கள் என்று மெஹ்ரீன் கெஞ்சியதைக் காதில் வாங்கவில்லை. வந்ததுதான் வந்தோம், மகள் நடிப்பைப் பார்த்துவிட்டே போவோம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நேராக முன்வரிசைக்கு நடந்தார்.

கூட்டம் அதிகமில்லை. மைக்குகள் உறை போட்டபடி ஒரு மூலையில் நின்றன, நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. மைக் இல்லாமல் பேசினால் கடைசி வரிசைக்கு எப்படிக் கேட்கும் என்று விழா நடத்துகிறவர்கள் மேல் அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்.

பீடத்தின் முன் நின்ற சத்யபிரியா தற்செயலாகத் திரும்பினாள். அப்பாவைக் கண்டதும் கையிலிருந்த பூச்செண்டு நழுவி விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்த பையனின் விரல்களும் உதறின. பிள்ளைகளுக்கு மேடைப் பயம் போலிருக்கிறது என்று வெள்ளியங்கிரி பரிதாபப்பட்டு, நான் இருக்கிறேன், தைரியமாகச் செய் என்று சைகை காட்டினார்.

அவ்வளவுதான், அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அந்த அழுகையைப் பார்த்ததும் அவருக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. நாடகம்தான், நாடகம்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்தார்.

பங்குத்தந்தை பீடத்திலிருந்து இறங்கி அவரிடமே வந்தார். கையில் ஒரு தட்டு. அதில் மல்லிகைப் பூவுக்கு நடுவே தாலி. இந்தக் காலத்து நாடகங்களில் பார்க்க வந்தவர்களையும் இழுத்துவிட்டுவிடுகிறார்கள் என்று வெள்ளியங்கிரி நெளிந்தார்.

"பொண்ணோட அப்பா வந்தது ரொம்ப சந்தோஷங்க. உங்களுக்கு முழுச் சம்மதம்தானே?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். விளையாட்டுக்குக்கூடத் தாலியைத் தொடலாமா என்று கையைப் பின்னுக்கு இழுத்தார். ஆனால் ஆசீர்வாதத்துக்கு வந்த தாலித் தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பும் பழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது. பொய்த் தாலி என்றாலும் அபசகுனம். அதுவும் பெற்ற மகள் கழுத்தில் ஏறப் போவது.

இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சம்மதந்தானுங்க. புள்ளைங்க நல்லா இருக்கோணும்" என்றார்.

பையன் தாலியைக் கட்டினான். எல்லாம் முடிந்ததும் இரண்டு பேரும் வந்து அவர் காலில் விழுந்தார்கள். சத்யபிரியா பாதத்தைப் பிடித்தவள் விடவே இல்லை.

"அப்பா, மனசாரத்தானே சொன்னீங்க?"

இன்னும் வேஷம் கலையவில்லையே இவளுக்கு என்று தோன்றியது. மனசாரத்தான் சாமி என்று தலையைத் தடவி எழுப்பிவிட்டார்.

வேஷத்தைக் கலைத்துவிட்டு வரட்டும் என்று வெளியே வந்தவருக்குக் காற்றுப் பட்டதும்தான் நெஞ்சு அடங்கியது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை விரட்டியதை நினைக்க அவருக்கே சிரிப்பு வந்தது. பெற்றவள் செல்லாயியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வராமல் போனோமே என்று வருத்தமாகவும் இருந்தது.

கதவைச் சாத்த வந்த உபதேசியாரைப் பிடித்தார்.

"ஏனுங்க, இந்த நாடகத்த மறுக்காவும் போடுவீங்களா? எங்கூட்டுக்காரியையும் கூட்டிட்டு வாரேன்."

உபதேசியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாடகமே நாளைக்குத்தானுங்க."