தெற்கே தலைமாடு

"வடக்கே தலை வெச்சு எவன்யா படுப்பான்? அப்ப நான் வரல," என்றாள் சம்பூர்ணம்.

அவள் கணவன் நீலமேகம், ஆறு பேர் படுக்கும் பலகைகளையும் பிரித்து, கிழக்கே தலைமாடு வைத்து அடித்தான்.

மாலையில் கூட்டாளி ஷேக் தாவூத் எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த, காலு மேற்கே வருது? தொழுவுற பக்கம் நாங்க கால் நீட்ட மாட்டோமே! என் சம்சாரமும் இதுலதான படுக்கணும்?"

மறுபடி பிரித்தான். தெற்கே தலை, வடக்கே கால். இரண்டு குடும்பத்துக்கும் பொருந்தியது.

"இனிமே ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாது," என்று சுத்தியலைக் கீழே வைத்தான்.

திரை, அடுப்பு, தண்ணீர்க் குடம் எல்லாம் வைத்தாகிவிட்டது. காலையில் இரண்டு குடும்பமும் ஏறி உட்கார்ந்தது. தாவூத் சாவியைத் திருகினான். அந்தப் பழைய வேன் செங்கல்பட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வந்து, மகாபலிபுரம் ரோட்டில் கிழக்கே திரும்பியது.

"ஐயோ பாய்! தலைமாடும் கிழக்கே திரும்பிட்ச்சே!" என்று அலறினான் நீலமேகம்.

"அதுக்கு இன்னாத்துக்குக் கத்தினுகீற?" என்றாள் சம்பூர்ணம். "படுக்கறப்ப வண்டிய தெற்கே பாத்து நிறுத்தினா ஆச்சு!"

நீலமேகம் உள்ளங்கைக் கொப்புளங்களை ஊதிக்கொண்டான்.