பட்டியலின் முதல் பெயர்

"டி.வி.யை அணைச்சிடட்டுமா?" என்று லொரெட்டா கேட்டாள்.

"இருக்கட்டும்" என்றார் வெண்டெல். அமெரிக்கக் கால்பந்தில் பத்தொன்பது வருடம் தன் அணிக்காகப் பந்தெறிந்த குவார்ட்டர்பேக் அவர். வலது தோள் இன்னும் வலித்தது. "ஆட்டத்தை விட்டு இருபத்திரண்டு வருஷமாச்சு. அந்தப் பட்டியல்ல இன்னும் என் பேருதான் முதல்ல. இன்னைக்கு அது மாறுறதைப் பார்க்க வேண்டாமா?"

காலையிலிருந்து மூன்று நிருபர்கள் அழைத்துவிட்டார்கள். மூவரிடமும் களைத்த குரலில் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "சாதனைன்னா ஒருநாள் போகத்தானே வேணும்."

பக்கத்து வீட்டு ஆர்வில், கோழி இறக்கை வறுவலோடு வந்து உட்கார்ந்தார். "இன்னும் ரெண்டு எறிஞ்சா கோல்பி உன்னைத் தாண்டிடுவான். அவனுக்கு இதுதான் கடைசி ஆட்டம்."

"எறிஞ்சுடுவான்" என்றார் வெண்டெல். திரையில் கோல்பி பந்தோடு கையை ஓங்கும்போதெல்லாம் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கடைசிப் பகுதி தொடங்கியதும் பயிற்சியாளர் கோல்பியை வெளியே அழைத்துக்கொண்டு வேறொருவனை இறக்கினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டி கோல்பியை வழியனுப்பியது.

லொரெட்டா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தனை வருஷம் ஆடினவருக்குத்தான் அப்படி ஒரு சாதனை வரும். அதையும் நினைச்சுப் பாருங்க."

திரையில் வெண்டெலின் இளவயதுப் படம் வந்தது. அதன் கீழே எழுதியிருந்தார்கள்: 'வாழ்நாளில் மிக அதிக முறை எதிரணியின் கையில் பந்தை எறிந்தவர். சாதனை நீடிக்கிறது.'

"இனிமே நிரந்தரம்தான்" என்றார் வெண்டெல். "இவ்வளவு தப்பா எறியறவனை இந்தக் காலத்துல யாரு இத்தனை வருஷம் ஆட விடுவாங்க?"