பெயரில்லாத கல்

"செத்துப்போன நாய்க்கு யாராச்சும் இப்படி அழுவாங்களா?" பூங்கா மேற்பார்வையாளருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தப் பெரிய பங்களாவும் சுற்றியிருந்த தோப்பும் பொதுப் பூங்காவாகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. பங்களாவின் பின்புறத்து மூலையில் பழைய எஜமானர் தம் நாய்களையெல்லாம் வரிசையாகப் புதைத்து, ஆளுக்கொரு பளிங்குக்கல் நட்டிருந்தார். ஆமாம், அந்தப் பங்களாவில் நாயும் ஓர் ஆள்தான்!

அந்த மூலையில்தான் குழந்தைகளுக்கு ஊஞ்சல் வரப்போகிறது. நாளைக் காலை கான்கிரீட் லாரி வருவதற்குள் இடம் சுத்தமாகாவிட்டால் மேற்பார்வையாளரின் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள்.

டைகர், ராணி, ப்ளாக்கி என்று பெயர் பொறித்த கற்களெல்லாம் வண்டியேறிவிட்டன. கடைசிக் கல்லில் மட்டும் 'நாய்' என்று மொட்டையாக ஒரே சொல். அதைத்தான் அந்த அம்மாள் இறுகக் கட்டிக்கொண்டு, உடும்புப்பிடியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு காலத்தில் இதே பங்களாவில் பாத்திரம் தேய்த்தவளாம்.

"எழுந்திரும்மா. பசங்க ஊஞ்சலாடப் போறாங்க, நல்ல காரியம்தானே?"

"நல்லா ஆடட்டும் சார். இந்த ஒரு கல்லை மட்டும் விட்டுடுங்க."

"நாய்க்காக ஊஞ்சலை நிறுத்தினேன்னு மேல போய்ச் சொல்ல முடியுமா? என் தோலை உரிச்சிடுவாங்க!"

அப்போது நடைபாதையில் யாரோ கூட்டிவந்த ஒரு குட்டிநாய் 'வள்' என்றது. அம்மாள் அலறியடித்து எழுந்து மேற்பார்வையாளரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"நல்ல கூத்து! உசுரோட இருக்கற நாயைப் பார்த்தா நடுக்கம், செத்த நாய்க்கு ஒப்பாரி!" கடப்பாரையோடு நின்ற வேலையாள் சிரித்தார். இதுதான் சமயமென்று கல்லை நெம்பிச் சாய்த்தும்விட்டார்.

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேற்பார்வையாளருக்கு மனசு என்னவோ செய்தது. அதைக் காட்டிக்கொண்டால் வேலை நடக்காதே! "அவ்வளவு பாசம்னா எலும்பை மூட்டை கட்டித் தரச் சொல்றேன். வீட்டுல வெச்சுக் கொஞ்சிக்கோ."

எகத்தாளமாகத்தான் சொன்னார். அவளோ புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து துவைத்து மடித்த ஒரு பழைய வெள்ளைத் துணியை எடுத்து மண்ணில் விரித்தாள்.

"குடுங்க சார், கொண்டுபோறேன். கடப்பாரை மட்டும் போடவேணாம். கையால எடுக்கச் சொல்லுங்க."

கடப்பாரைக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. மேற்பார்வையாளருக்கோ எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"இவ்வளவு உருகறியே, அப்பவே ஒரு பேரு வெக்கத் தோணலையா? யாராவது வெறுமனே 'நாய்'னு வெட்டுவாங்களா?"

அம்மாள் குனிந்து, சாய்ந்து கிடந்த கல்லின்மேல் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"நான் பேரு வெச்சேன் சார். 'கல்லுல நாய்னு போட்டாத்தான் இங்க புதைக்க விடுவேன்'னுட்டாரு, என் புள்ளையோட அப்பா."